60 பிட்டிலிருந்து 48 கிலோபைட்டுக்கு: மொன்றியலின் மெத்தியோ வீடு மாறிய கதை



இந்தக் கிழமை ஒலிப்பதிவில் பழைய சிஸ்டங்களைப் புது இயந்திரத்துக்கு மாற்றுவதைப் பற்றிக் கதைத்தோம். கேட்டவர்களுக்கு ஒரு கேள்வி மிச்சமாய் இருந்திருக்கும்: மாற்றும்போது உண்மையில் எதை மாற்றுகிறோம்? இயந்திரத்தையா, நிரலையா, தரவையா? "எல்லாத்தையும்தான்" எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பதிலோடு தொடங்குகிற புராஜெக்ட்டுகள்தான் பாதி வழியில் நிற்கும்.

அதனால் இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு சிஸ்டத்தை எடுத்துப் படிப்போம். உதாரணம் தேடி கலிபோர்னியாவுக்குப் போகத் தேவையில்லை. இது எங்கள் ஊரிலேயே, மொன்றியல் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெயர் மெத்தியோ. கனடாவின் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்த சிஸ்டம். சூப்பர் கொம்பியூட்டரில் தொடங்கி, மைக்ரோ கொம்பியூட்டருக்கு இறங்கி, கடைசியில் ஒரு ஃப்ளொப்பி டிஸ்க்குக்குள் அடங்கியது.

முதலில், மூன்று வழிகள்

ஒரு பழைய சிஸ்டத்தை வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோக அடிப்படையில் மூன்று வழிகள் உண்டு.

அம்மம்மாவின் சமையலை வைத்து யோசியுங்கோ. அவவின் அளவெல்லாம் சுண்டுக் கணக்கு. முதல் வழி, ஊரிலிருந்து அந்தச் சுண்டையே கொண்டுவருவது. சமையல் குறிப்பில் ஒன்றையும் தொடத் தேவையில்லை. இரண்டாவது வழி, குறிப்பு அதேதான், ஆனால் சுண்டை இங்கத்தைய கப் அளவுக்கு மாற்றி எழுதுவது. மூன்றாவது வழி, அவ ஏன் அப்படிச் செய்தா என்று விளங்கிக்கொண்டு, இங்கே கிடைக்கிற மாவுக்கும் அடுப்புக்கும் ஏற்றபடி புதிதாய்ச் சமைப்பது.

எங்கள் தொழிலில் முதலாவதுக்குப் பெயர் எமுலேஷன். புது இயந்திரம் பழைய இயந்திரம் போல நடிக்கும். உள்ளே ஓடுகிற நிரலுக்குத் தான் வீடு மாறினதே தெரியாது. ஐபிஎம் 1964ல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது இந்த வழியையும் கையில் வைத்திருந்தது. பழைய 1401 இயந்திரத்துக்கு எழுதின நிரல்களை அப்படியே ஓட்டக்கூடிய 360 மாதிரிகள் வந்தன. வாங்கியவர்கள் பழைய நிரல்களைத் தூக்கி எறியத் தேவைப்படவில்லை.

இரண்டாவது போர்ட்டிங். அதே மூல நிரலைப் புது இயந்திரத்துக்கான கொம்பைலரில் போட்டு எடுப்பது. யுனிக்ஸ் 1973ல் சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. அதனால்தான் 1970களின் கடைசியில் அதை வேறு நிறுவனங்களின் இயந்திரங்களுக்கும் கொண்டுபோக முடிந்தது. கேட்கச் சுலபம். ஆனால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சொல்லாமல் வைத்திருக்கிற பழக்கங்கள் உண்டு. பைட்டுகளை வேறு ஒழுங்கில் அடுக்குகிற இயந்திரத்தில் 'யுனிக்ஸ்' என்று அச்சிடச் சொன்னால், ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாய் இடம் மாறி 'நுக்சி' என்று வருமாம். இன்றைக்கும் பைட் ஒழுங்குச் சிக்கலுக்கு அதுதான் பட்டப்பெயர்.

மூன்றாவது, திரும்ப எழுதுவது. செலவும் கூட, ஆபத்தும் கூட. மெத்தியோ போன வழி இதுதான்.

வேலை எங்கிருந்து வந்தது?

1969ல் கனடாவில் அரச கரும மொழிகள் சட்டம் வந்தது. மத்திய அரசாங்கம் உத்தியோகபூர்வமாய் வெளியிடுவதெல்லாம் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் இருக்கவேண்டும். வானிலை அறிக்கையும் அதற்குள் அடக்கம். ஆனால் ஒரு அறிக்கையின் ஆயுள் 4 மணித்தியாலம்தான். அதற்குள் மொழிபெயர்ப்பு வராவிட்டால் பிறகு வந்தும் பயனில்லை. பனிப்புயல் வருகுது என்ற செய்தி, புயல் கடந்த பிறகு பிரெஞ்சில் கிடைத்து யாருக்கு என்ன லாபம்?

இந்த வேலையைச் செய்தது புதிதாய்ச் சேர்ந்த இளம் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் முதல் வரைவை எழுதுவார்கள், மூத்தவர்கள் திருத்துவார்கள். நாள் முழுக்க ஒரே மாதிரியான வசனங்கள். மேகமூட்டம், தூறலுக்கு வாய்ப்பு, காற்று வடமேற்கிலிருந்து, இரவு வெப்பநிலை மைனஸ் 12. அடுத்த நாளும் அதேதான், ஊர்ப்பெயரும் இலக்கமும் மட்டும் மாறும். ஹைட்ரோ-கியூபெக் கடிதங்களை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லியே வளர்ந்த உங்களுக்கு இந்தச் சலிப்பு நல்லாய் விளங்கும்.

அப்படி ஒரு இளம் மொழிபெயர்ப்பாளர் உதவி கேட்டுப் போன இடம், மொன்றியல் பல்கலைக்கழகத்தில் இயந்திர மொழிபெயர்ப்பை ஆராய்ந்துகொண்டிருந்த டோம் என்ற குழு. அவர்கள் 1975, 76ல் ஒரு முன்மாதிரி செய்தார்கள். 1977 மார்ச்சில் அது உண்மையான வேலைக்கு இறங்கியது. அதே வருடம் ஆகஸ்டில்தான் கியூபெக்கில் 101ஆம் சட்டம் நிறைவேறியது. உங்களில் பலர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனதுக்குக் காரணமான அதே சட்டம்.

60 பிட் வீடு

மெத்தியோ குடியிருந்த முதல் வீடு சிடிசி 7600. சீமோர் கிரே வடிவமைத்த சூப்பர் கொம்பியூட்டர். அறிக்கைகள் டெலெக்ஸ் கம்பிவழியாய் வந்து, மொழிபெயர்ந்து, திரும்ப டெலெக்ஸ் வழியாய்ப் போகும்.

இந்த இயந்திரத்தின் பழக்கங்களைக் கொஞ்சம் பாருங்கோ. இன்றைக்கு உங்கள் மடிக்கணினியில் ஒரு 'வேர்ட்' எண்டால் 64 பிட். 7600ல் அது 60 பிட். ஒரு எழுத்துக்கு வழமையாய் 6 பிட், ஆகவே ஒரு வேர்டுக்குள் 10 எழுத்து. 6 பிட்டில் மொத்தம் 64 குறிகள்தான் வரும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், நிறுத்தற்குறி, பிரெஞ்சின் மேற்குறிகள் எல்லாத்துக்கும் அது போதாது. 8 பிட் பைட்டை எதிர்பார்க்கிற ஒரு இயந்திரத்துக்கு இதை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசிக்கலாம்.

மொழிபெயர்ப்பு விதிகள் எழுதப்பட்டிருந்தது கியூ-சிஸ்டம்ஸ் என்ற மொழியில். அதை உருவாக்கியவர் அலன் கொல்மரோயேர். 1960களின் கடைசியில் மொன்றியலில் வேலை செய்தவர். பிரான்ஸுக்குத் திரும்பிப்போய் 1972ல் மார்செய் நகரத்தில் புரோலொக் மொழியை உருவாக்கியவரும் இவர்தான். புரோலொக்கின் மூத்த சகோதரம் எங்கள் ஊரில் பிறந்தது எண்டு வைத்துக்கொள்ளுங்கோ.

கியூ-சிஸ்டம்ஸ் எப்படி வேலை செய்யும்? "இந்த இரண்டு துண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், அவற்றைச் சேர்த்து இப்படி ஒரு மரமாக்கு" என்ற மாதிரி விதிகளை எழுதுவீர்கள். உதாரணத்துக்கு, 'ஹெவி' என்ற ஆங்கிலச் சொல் மழைக்கு முன் வருவதும் மூடுபனிக்கு முன் வருவதும் ஒன்றல்ல. தமிழிலும் கன மழை என்போம், ஆனால் அடர்ந்த மூடுபனி என்போம். பிரெஞ்சிலும் அப்படித்தான் சொல் மாறும். விதிகளைக் கொடுத்த பிறகு இயந்திரம் பொருந்தக்கூடிய எல்லா வழிகளையும் முயன்று பார்க்கும். பிழையான வழிகள் இடையில் செத்துப்போகும், சரியானது மிஞ்சும். வசனம் பிடிபடவே இல்லை எண்டால், மெத்தியோ கண்டபடி ஊகிக்காது. அந்த வசனத்தை மனிதரிடம் கொடுத்துவிடும். இன்றைய ஏஐ கருவிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கோ, இது எவ்வளவு பெரிய குணம் என்று விளங்கும்.

ஆனால் எல்லா வழியையும் முயன்று பார்ப்பது செலவான வேலை. நினைவகமும் நேரமும் தின்னும். சூப்பர் கொம்பியூட்டரின் பலம் அந்தச் செலவை மறைத்துவைத்திருந்தது.

48 கிலோபைட் வீடு

ஜோன் ஷாந்தியூ டோம் குழுவில் இருந்தவர். மெத்தியோ வேலைக்கு இறங்கின பிறகு குழுவை விட்டு வெளியே வந்து, அதை நடத்துவதையும் சீராக்குவதையும் தன் பொறுப்பாக எடுத்தார். பிற்காலத்தில் அவர் தன் பெயரிலேயே ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். ஒப்பந்தத்தில் வேலை செய்கிற எனக்கு அதனால் அவரில் ஒரு தனி ஈர்ப்பு.

அவருக்கு இரண்டு ஆசை. மொழிபெயர்ப்பின் தரம் கூடவேண்டும், சிஸ்டம் மைக்ரோ கொம்பியூட்டரில் ஓடவேண்டும். இரண்டுக்கும் தடையாய் இருந்தது கியூ-சிஸ்டம்ஸ். ஒன்று, மேலே சொன்ன எல்லா வழியையும் முயல்கிற குணம். இரண்டாவது, அதில் தரவு வகைகள் கிடையாது. எது இலக்கம், எது எழுத்துத் தொடர் என்று மொழிக்கே தெரியாது.

1981ல் அவர் கிராம்ஆர் என்ற புது மொழியை உருவாக்கினார். அடிப்படை யோசனை கியூ-சிஸ்டம்ஸின் யோசனைதான், ஆனால் வழிகளைக் கண்டபடி கிளைக்க விடாது. மரத்தின் கணுக்களுக்கு வகைகளும் உண்டு. இதற்கு கிரெனோபிளைச் சேர்ந்த பெர்னார் வோக்குவாவும் கொல்மரோயேரும் ஆலோசனை சொன்னார்கள். பழைய மொழியை உருவாக்கினவரிடமே கேட்டுத்தான் புது மொழி பிறந்தது என்பதைக் கவனியுங்கோ.

1982ல் குரோமெம்கோ என்ற மைக்ரோ கொம்பியூட்டரில் புது மெத்தியோ எழுதத் தொடங்கி, 1983ல் மெத்தியோ 2 வேலைக்கு வந்தது. மைக்ரோ கொம்பியூட்டரில் ஓடின முதல் இயந்திர மொழிபெயர்ப்புச் சிஸ்டம் என்று அதைச் சொல்வார்கள். நினைவகம் 48 கிலோபைட். போதாததை வைத்து எடுக்க 5 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். 48 கிலோபைட் எண்டால் எவ்வளவு? நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிற இந்தத் தமிழ்க் கடிதத்தை யூடிஎஃப்-8ல் சேமித்தால் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும்.

1985 வரும்போது முதல் முன்மாதிரியில் இருந்த ஒரு வரிகூட மிஞ்சவில்லை. இயந்திரம் வேறு, மொழி வேறு, நிரல் வேறு. ஆனாலும் பெயர் மெத்தியோ, வேலையும் அதே வேலை. வருடத்துக்கு சுமார் 2 கோடி சொற்கள் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கும், 1 கோடி சொற்கள் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும். வின்னிபெக்கில் இருந்து அனுப்பின ஆங்கில அறிக்கை, மொழிபெயர்ந்து, மனிதர் ஒருவர் சரிபார்த்து, பிரெஞ்சில் திரும்பிப் போக வழமையாய் 4 நிமிடம். 1997ல் வந்த மெத்தியோ 5 விண்டோஸ் என்டி வலையமைப்பில் ஓடியது. 1.44 மெகாபைட் ஃப்ளொப்பி ஒன்றில் அடங்கியது. 2001 செப்டம்பர் 30 வரைக்கும் மெத்தியோ சேவையில் இருந்தது.

அப்போ, எதை மாற்றினார்கள்?

இங்கேதான் பாடம். எல்லாம் மாறின பிறகும் அது அதே சிஸ்டம் எண்டால், மாறாமல் வந்தது எது?

வானிலை அறிக்கை எழுதுகிறவர்கள் எப்படி எழுதுவார்கள் என்ற அறிவு. அவர்கள் ஆங்கிலம் முழுவதையும் பாவிப்பதில்லை. வினைச்சொற்கள் குறைவு, வசனங்கள் சுருக்கம், சொல் வட்டம் சின்னது, ஒழுங்கு கிட்டத்தட்ட நிலையானது. மொழியியலில் இதைத் துணைமொழி என்பார்கள். டோம் குழுவின் பெரிய கண்டுபிடிப்பு நிரலல்ல, இந்தத் துணைமொழிக்கு எல்லை உண்டு என்று கண்டதுதான். அந்த எல்லையை விளங்கிக்கொண்டதால்தான், சூப்பர் கொம்பியூட்டர் செய்த வேலையை 48 கிலோபைட்டுக்குள் வைக்க முடிந்தது.

எதிர் உதாரணமும் அங்கேயே இருக்கிறது. அதே குழு 1977 முதல் 1981 வரை விமானப் பராமரிப்புக் கைநூல்களை மொழிபெயர்க்க டோம்-ஏவியேஷன் என்ற திட்டத்தைச் செய்தது. அதே திறமையான ஆட்கள். ஆனால் கைநூல்களின் மொழி வானிலை அறிக்கை போல ஒடுங்கியது இல்லை. அது நாளாந்த வேலைக்கு இறங்காமலே நின்றுபோனது.

இன்னொன்றையும் கவனியுங்கோ. 1981ல் சிஸ்டம் முறைப்படி ஏற்கப்பட்டபோது இளம் மொழிபெயர்ப்பாளர்களின் வரைவு வேலை இயந்திரத்துக்குப் போனது. மூத்தவர்களின் திருத்தும் வேலையை எடுக்கவில்லை. அவர்கள் செய்த திருத்தங்களே தரத்தின் அளவுகோலானது. ஒரு சொல்லைச் சேர்த்தாலோ நீக்கினாலோ 1 புள்ளி, மாற்றினால் 2 புள்ளி. புது வீட்டில் எல்லாம் சரியாய் நடக்கிறதா என்று அறிய, பழைய வீட்டை அறிந்த மனிதரை வாசலில் இருத்தினார்கள்.

வேலைத்தளத்தில் இது எப்படி வரும்?

மொன்றியலில் வேலைக்குப் போகும்போது நீங்கள் பழைய சிஸ்டங்களைச் சந்திக்கத்தான் போகிறீர்கள். வங்கி, காப்புறுதி, அரசாங்க அலுவலகம், எங்கேயும். நேர்முகத்தேர்வில் புது மொழிகளைக் கேட்பார்கள், மேசையில் தருவது 30 வருடப் பழைய நிரல்.

நான் ஒப்பந்தத்துக்குப் போன ஒரு இடத்தில், ஒரு தொகைக்கு மேற்பட்ட கொடுப்பனவுகளை அடுத்த நாளுக்குத் தள்ளுகிற ஒரு விதி பழைய கோபோல் நிரலில் இருந்தது. ஏன் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. சட்டம் ஏதாவது இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்த ஒரு அம்மாவிடம் கேட்டோம். அவ சிரித்துப்போட்டுச் சொன்னா: அந்த நாளில் இரண்டாவது கையொப்பம் வைக்கிற மேலாளர் கிழமையில் மூன்று நாள்தான் வருவாராம். ஆளும் போய்விட்டார், கையொப்பமும் போய்விட்டது, விதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதே நிரலில் தேவையில்லாததுபோலத் தெரிந்த இன்னொரு விதியை அவ தொடவிடவில்லை. அது இரட்டைக் கொடுப்பனவைத் தடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டும் நிரலில் பார்க்க ஒரே மாதிரித்தான். எது செத்த விதி, எது உயிருள்ள விதி என்று கொம்பைலரும் சொல்லாது, ஏஐ கருவியும் சொல்லாது. அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். இரண்டு மாதம் பிந்தியிருந்தால் அதைக் கேட்க ஆளில்லை. ஆகவே மாற்றத் தொடங்கமுன் மூன்று வேலை செய்யுங்கோ. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று எழுதுங்கோ. தெரியாத இடங்களை ஆளிடம் கேளுங்கோ. பழையதையும் புதியதையும் சில காலம் ஒன்றாய் ஓட்டி, வித்தியாசங்களை எண்ணுங்கோ.

எங்கள் வீடுகளில் இருக்கிற பழைய சிஸ்டம்

இனி எங்கள் சொந்த விஷயம். 1990களிலும் 2000களிலும் எங்கள் அப்பா அம்மாமார், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள், ஊர்ச் சங்கத்துக்காரர் எல்லாரும் தமிழில் நிறையத் தட்டச்சுச் செய்தார்கள். பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். இன்றைக்கு அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் வராது. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு. 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாய்த்தான் இருக்கும்.

இதை யூனிகோடுக்கு மாற்றுவதும் ஒரு வீடு மாற்றம்தான். வெறும் எழுத்துக்கு எழுத்து அட்டவணை போதாது. பாமினி கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் சேமிக்கும். 'கொ' எண்டால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு உச்சரிக்கிற ஒழுங்கில் சேமிக்கும், முதலில் க, பிறகு ஒகரக் குறி. 'நுக்சி' கதை இங்கே தமிழில் வருகிறது.

இன்னும் நுட்பமானது ஔகாரம். 'கௌரி' என்று பாமினியில் எழுதினால் அதன் முதல் எழுத்து கொம்பு, க, ள என்று மூன்று துண்டு. கவனமில்லாத மாற்றி அதை 'கெளரி' என்று தந்துவிடும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பிறகு 'கௌரி' என்று தேடினால் அந்தப் பெயர் கிடைக்காது. இது ஒரு பெயர் என்று தமிழ் தெரிந்த ஆள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

இந்த இடத்தில் நீங்கள் அந்நியரில்லை. நிரலும் தெரிந்து, தமிழும் கொஞ்சமாவது வாசிக்கக்கூடிய ஆட்கள் நீங்கள்தான். உங்களுக்கு வராத சொல்லைச் சொல்லித்தர, அதைத் தட்டச்சுச் செய்தவர்கள் இன்னும் பக்கத்து அறையில் இருக்கிறார்கள்.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்

1. வீட்டில் பழைய கொம்பியூட்டர், சீடி, யூஎஸ்பி எதிலாவது தமிழ்க் கோப்பு இருக்குதா என்று கேளுங்கோ. முதலில் அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. மூலத்தைத் தொடவேண்டாம்.

2. அது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்து எழுதிவையுங்கோ. கோப்பு மட்டும் போதாது, எழுத்துருவும் வேண்டும்.

3. ஒரே ஒரு பக்கத்தை யூனிகோடுக்கு மாற்றி, எழுதினவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கோ. அவர் திருத்துகிற ஒவ்வொரு இடத்தையும் எண்ணுங்கோ. சேர்த்தால் 1, நீக்கினால் 1, மாற்றினால் 2. மெத்தியோவுக்குப் போட்ட அதே கணக்கு.

4. ஏன் திருத்தினார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கோ. உங்கள் மாற்றியின் அடுத்த விதி அதிலிருந்துதான் வரும்.

எத்தனை புள்ளி வந்தது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. அடுத்த ஒலிப்பதிவில் அவற்றை எடுத்துக் கதைப்போம். அதுவரைக்கும் பத்திரமாய் இருங்கோ, வெளிக்கிட முதல் வானிலையையும் ஒருக்கால் பாருங்கோ.